புது பிளாட்டுக்கு வாசல் கதவு: ஸ்டீலோ முதிரை மரமோ? தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ

திருநெல்வேலிப்_பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில மூண்டாம் மாடியில ஒரு புது பிளாட் எடுத்திருக்கிறம், வாற தையில குடிபூரல். கட்டினவை போட்டுத் தந்த வாசல் கதவைத் தட்டிப் பாத்தா டொக் டொக்கெண்டு வெறும் பெட்டி மாதிரிச் சத்தம் கேக்குது. நான் படிப்பிக்கப் போயிடுவன், அவருக்குக் கொழும்பில வேலை, பகல் முழுக்க அம்மா தனிய, 74 வயசு, காதும் கொஞ்சம் மந்தம். போன மாசம் நாங்கள் இப்ப வாடகைக்கு இருக்கிற ஒழுங்கையில பட்டப்பகல்ல ஒரு வீட்டுக் கதவைக் கிளப்பி நகையெல்லாம் கொண்டு போட்டாங்கள், அண்டையில இருந்து எனக்கு நித்திரையே இல்லை. கடைக்காரர் ஸ்டீல் கதவு எண்டுறார், மாமா முதிரைதான் எண்டு நிக்கிறார். எது நல்லம்? விரல் வச்சுத் திறக்கிற லொக்கும் போட வேணுமோ?

கொக்குவில்_ஓடாவி:
தங்கச்சி, கதவை ஒரு பக்கம் விட்டிட்டு முதல் நிலையை, கதவைப் பூட்டியிருக்கிற அந்தச் சட்டத்தை, பாருங்கோ. கள்ளன் உடைச்ச கதவு கனக்கத் திருத்திக் குடுத்திருக்கிறன், கன இடத்தில கதவுக்கு ஒண்டும் நடந்திருக்காது, பூட்டு நாக்கு போய் விழுற இடத்தில நிலைதான் பிளந்து கிடக்கும், ஏனெண்டா அலவாங்கை இடுக்கில குடுத்து நெம்பேக்க பாரம் முழுக்க நாக்குப் போற ஓட்டையில நிலையில பூட்டியிருக்கிற சின்னத் தகட்டிலயும் ரெண்டு ஸ்குறூவிலயும்தான் வந்து விழும். நீங்கள் இண்டைக்கே ஒரு வேலை செய்யுங்கோ. நிலையில இருக்கிற அந்தத் தகட்டின்ர ஒரு ஸ்குறூவைக் கழட்டி நீளம் எவ்வளவெண்டு பாருங்கோ. பேந்து கதைப்பம்.
முதிரை நல்ல மரம், மாமா சொல்லுறதில பிழையில்லை, எங்கட பழைய வீட்டு நிலையள் இண்டைக்கும் நிக்குதுதானே. ஆனா காயாத மரம் வாங்கினா மாரியில ஊதும், கோடையில சுருங்கி இடுக்கு விழும், அந்த இடுக்குத்தான் அவங்களுக்கு வேணும்.

டோர்ட்முண்ட்_அண்ணை:
பிள்ளை, நான் இஞ்ச ஜேர்மனியில கதவு ஜன்னல் பூட்டுற வேலை. ஐரோப்பாவில இதுக்கு ஈஎன் 1627 எண்டு ஒரு தரம் இருக்கு, உடைக்க வாறவனை எவ்வளவு மறிக்குமெண்டு காட்டுற வகுப்பு ஆர்சி 1ல இருந்து 6 வரைக்கும் போகும், எண் கூடக் கூடப் பலம் கூட. ஆர்சி 2 எண்டா ஸ்குறூ டிறைவர், குறடு, ஆப்பு மாதிரிச் சாமானோட வாறவனை 3 நிமிசம் மறிக்க வேணும், ஆர்சி 3 எண்டா அலவாங்கோட வாறவனை 5 நிமிசம். 3 நிமிசம் கொஞ்சமெண்டு நினையாதேங்கோ, சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் எட்டிப் பாப்பினம் எண்ட பயம் அவங்களுக்கு இருக்கு. இஞ்ச பொலிசும் வீடுகளுக்கு ஆர்சி 2 போடச் சொல்லித்தான் சொல்லுறவை. முக்கியமா விளங்கிக்கொள்ளுங்கோ, சோதிக்கிறது கதவுப் பலகையை மட்டுமில்லை, நிலை, பிணைச்சல், பூட்டு எல்லாம் சேத்து ஒண்டா. அதால கதவை மட்டும் தனியத் தந்து இது ஆர்சி 3 எண்டு ஒருத்தர் சொன்னா நம்பாதேங்கோ, சான்றிதழைக் கேளுங்கோ. மலிவான ஸ்டீல் கதவு கனக்க மெல்லிய தகடுதான், உள்ளுக்குத் தேன்கூடு மாதிரி மட்டை.
மற்றது சிலிண்டர். திறப்புப் போடுற அந்த உருளை, கதவில அதைச் சுத்தி இருக்கிற தகட்டுக்கு வெளியால 3 மில்லிமீற்றருக்கு மேல துருத்தக்கூடாது. துருத்தினா பிடிச்சு முறிச்சிடுவாங்கள், நடுவில ஸ்குறூ போற ஓட்டை இருக்கிற இடம்தான் மெல்லிசு, அதில படக்கெண்டு முறியும். உருளையைச் சுத்தி மூடுற பாதுகாப்புத் தகடு போடுங்கோ.

திருநெல்வேலிப்_பிள்ளை:
ஓடாவி அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரிக் கழட்டினன். ஸ்குறூ என்ர சின்ன விரல் நகமளவு கூட இல்லை! தகட்டை எடுத்திட்டுப் பாத்தா பின்னால வெறும் வெளி, பென்சிலை விட்டன், நிலைக்கும் சுவருக்கும் நடுவில அரைவாசி உள்ள போட்டுது, கிடந்தது கொஞ்சம் காஞ்ச நுரை மட்டும். கை நடுங்கிச்சு. இதுக்குப் பின்னால அம்மாவை விட்டிட்டுப் போக இருந்தனே எண்டு நினைக்க அழுகையே வந்திட்டுது.

கொக்குவில்_ஓடாவி:
பயப்பிடாதேங்கோ, திருத்தலாம். அந்த நிலையோட எந்தக் கதவு போட்டாலும் காசு வீண். நிலையைக் கழட்டி, பக்கத்துக்கு மூண்டு இரும்புக் கை சுவருக்குள்ள இறக்கி, இடைவெளியைச் சீமெந்துச் சாந்தால இறுக்கி அடைக்கச் சொல்லுங்கோ, நுரையோட விடவேண்டாம். பூட்டுத் தகடு நீளமா, தடிப்பா, ஸ்குறூ 3 இஞ்சிக்குக் குறையாம, நிலையையும் தாண்டிச் சுவரைப் பிடிக்கிற மாதிரி. பிணைச்சல் பக்கம் கதவு விளிம்பில ரெண்டு இரும்பு முளை வச்சா, கதவு சாத்தேக்க அது நிலை ஓட்டைக்குள்ள போய் இருக்கும், பிணைச்சலை வெட்டினாலும் கதவு கழண்டு வராது.

பாசையூர்_மாமி:
மோள், ஒண்டு சொல்லட்டோ. அம்மா தனிய இருக்கிறா எண்டீங்கள். உள்பக்கமும் திறப்புப் போட்டுத்தான் திறக்கவேணுமெண்ட பூட்டு மட்டும் போடாதேங்கோ. அடுப்பில ஏதும் பத்தினா அந்தப் புகைக்குள்ள அவ திறப்பை எங்க தேடுறது? உள்ளுக்குக் கையால திருகுற குமிழ் இருக்கிறது எடுங்கோ. வெளிக் கிறில் கேற்றுக்கு ஆமைப்பூட்டுப் போட்டு ஆக்களை உள்ள வச்சுப் பூட்டுற பழக்கமும் வேண்டாம். ஆர் நிக்கினம் எண்டு பாக்கிற கண்ணாடி ஓட்டையை அம்மாவின்ர உயரத்துக்கு வையுங்கோ, உங்கட உயரத்துக்கு இல்லை. எங்கட பக்கம் கடற்காத்து, சாதா இரும்புச் சாமான் கெதியாத் துருப்பிடிக்கும், உங்களுக்கும் துருப்பிடியாத ஸ்டீல் எடுத்தா நல்லம்.

டோர்ட்முண்ட்_அண்ணை:
மாமி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. விரல் லொக் பிறகு பாக்கலாம், அது திறக்கச் சுகம், நிலையைப் பலப்படுத்தாது. வெளிக்கிடேக்க சும்மா இழுத்துச் சாத்திப்போட்டுப் போகாம திறப்பால ரெண்டு சுத்துப் பூட்டுங்கோ. இழுத்துச் சாத்தினா சரிவு நாக்கு மட்டும்தான் பிடிக்கும், அதை ஒரு பிளாஸ்ரிக் மட்டையாலயே தள்ளித் திறப்பாங்கள்.

திருநெல்வேலிப்_பிள்ளை:
எல்லாருக்கும் கோடி நன்றி. இவரோட கதைச்சிட்டன், காஞ்ச முதிரையில நிலையும் கதவும், மூண்டு இடத்தில பிடிக்கிற பூட்டு, உள்ளுக்குக் குமிழ். நிலை வேலைக்கு நானே பக்கத்தில நிண்டு பாக்கப் போறன். இப்ப இருக்கிற வாடகை வீட்டுச் சிலிண்டரையும் அளந்தன், 7 மில்லிமீற்றர் வெளியால நிக்குது. குடிபோக இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு, அதால நாளைக்கே அதையும் மாத்திறன்.