வாரா வாரம் மெனு மாறும் ஃபுட் டிரக்: உங்கள் அனுபவம் என்ன?

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

எங்கள் பக்கத்து ப்ரூவரி ஒன்றின் வாசலில் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு டிரக் வந்து நிற்கும். அந்த ப்ரூவரிக்குச் சொந்தமாகச் சமையலறை கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் பல ப்ரூவரிகள் அப்படித்தான்: பியர் அவர்களுடையது, சாப்பாடு அன்றைக்கு வரும் டிரக்கினுடையது. மற்ற நாட்களில் வரும் வண்டிகளில் மெனுவைப் பக்கவாட்டிலேயே பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். இந்த வியாழக்கிழமை வண்டியில் இருப்பது ஒரு கரும்பலகை. அதில் ஐந்து அயிட்டம், சில வாரம் நான்குதான். போன வாரம் பார்த்தது இந்த வாரம் இருக்காது.

இங்கே குடிவந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் இந்த ஊர்க் காய்கறி எந்த மாதத்தில் எப்படி ருசிக்கும் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்த வண்டிதான். சூப்பர் மார்க்கெட்டில் ஜனவரித் தக்காளிக்கும் ஆகஸ்ட் தக்காளிக்கும் நிறத்தில்கூட வித்தியாசம் தெரியாது. பலகையில் தக்காளி ஆகஸ்டில்தான் ஏறும், அக்டோபரோடு இறங்கிவிடும்.

அந்தத் தக்காளியைப் பற்றியே முதலில் சொல்கிறேன். சான்டா குரூஸ் பக்கம் 'எர்லி கேர்ள்' என்றொரு ரகம் பயிரிடுகிறார்கள். செடி வேர் பிடித்தபின் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. குளிர்காலத்து மழை மண்ணில் விட்டுப்போன ஈரத்திலேயே வளர வேண்டும், நம் மானாவாரி போல. பழம் சின்னது, தோல் கொஞ்சம் தடிப்பு, புளிப்பும் இனிப்பும் இரண்டுமே தூக்கலாக இருக்கும். அதைப் பாதியாக அரிந்து, வெட்டின பக்கம் கருகும்வரை கல்லில் கவிழ்த்து வைத்து, மொறுமொறுப்பான ரொட்டியின் மேல் அடுக்கி, பூண்டு போட்டு உருக்கிய வெண்ணெயை ஊற்றிக் கொடுத்தார் செஃப். வேறு எதுவுமே இல்லை, உப்பு மட்டும். விலை 13 டாலர். ரொட்டித் துண்டுக்கும் தக்காளிக்கும் 13 டாலரா என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பாதித் தட்டு காலியானதும் இன்னொன்று வாங்க எழுந்து போனவரும் அவர்தான். அதற்குள் பலகையில் அந்த வரியின் மேல் கோடு போட்டுவிட்டார்கள்.

ஏப்ரலில் காஸ்ட்ரோவில் என்ற ஊர்ப் பக்கத்து ஆர்ட்டிசோக் (காயாகச் சமைக்கும் ஒரு பூமொட்டு) வரும். ஜூனில் பூசணிப் பூவுக்குள் சீஸ் வைத்து, மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார். அப்புறம் பிரென்ட்வுட் ஊர்ச் சோளம். நவம்பரில் கெட்டியான ஃபுயு பெர்சிமனை மெலிதாகச் சீவி, பன்றி இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்தார். பழத்தோடு கறியா என்று தயங்கித்தான் வாங்கினேன். கறியின் கொழுப்புக்கு அந்த இனிப்பு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

டஞ்சனஸ் நண்டுக்கு மட்டும் காத்திருந்து காத்திருந்து அலுத்துவிட்டது. இங்கே நவம்பரில் தொடங்க வேண்டிய வணிக நண்டுப் பிடிப்பைச் சமீப வருஷங்களில் அடிக்கடி தள்ளிப்போடுகிறார்கள். நண்டுக் கூண்டுகளின் கயிற்றில் ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் சிக்கிக்கொள்வதுதான் காரணம். நண்டு கிடைக்காத வாரத்தில் உறைந்த நண்டு வாங்கிப் போட்டு ஒப்பேற்றாமல், மழைக்குப் பின் காட்டில் முளைக்கும் ஷான்டரெல் காளானை வெண்ணெயில் வதக்கிச் சோற்றின் மேல் போட்டுக் கொடுத்தார். இந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மெனு மாற்றும் எல்லா வண்டியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஒரு திருவிழாத் திடலில் வேறொரு டிரக்கில் சாப்பிட்டேன். அவர்களும் வாரம் ஒரு மெனு என்றுதான் விளம்பரம் செய்திருந்தார்கள். கலர் கலராகச் சீஸ், மேலே இரண்டு வகை சாஸ், அதற்கு மேல் நொறுக்கிய சிப்ஸ். ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டோ எடுக்கவென்றே விளக்கு வைத்திருந்தார்கள். கறி வெதுவெதுப்பாகக்கூட இல்லை. சந்தையில் வரத்து மாறுவதால் மெனு மாறுவது வேறு, இன்ஸ்டாகிராமுக்குப் புதுப் படம் வேண்டும் என்பதற்காக மாறுவது வேறு.

முதல்முறை போகிறவர்களுக்கு: கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். நான்கு பேராகப் போய் இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்று வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுவதுதான் சிறந்த வழி. தனியாகப் போனால் ஜன்னலில் இருப்பவரிடம் இன்றைக்கு எது நன்றாக வந்திருக்கிறது என்று கேளுங்கள். நல்ல வண்டியில் யோசிக்காமல் ஒன்றைக் காட்டுவார்கள். எல்லாமே நன்றாக இருக்கும் என்று பதில் வந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

மற்றவர்களும் எழுதுங்கள்.


லாஸ் ஏஞ்சலஸ்

எங்கள் ஊரில் இந்தப் பேச்சு எடுத்தால் கோகி என்ற வண்டியைச் சொல்லாமல் முடியாது. 2008 நவம்பரில் ராய் சோய், மார்க் மங்குவேரா, கேரொலின் ஷின் மூவரும் தொடங்கியது. கொரிய முறையில் ஊறவைத்துச் சுட்ட மாட்டு விலாக் கறியைச் டார்ட்டியா என்ற மெல்லிய சோள ரொட்டியில் வைத்து டாக்கோவாகக் கொடுத்தார்கள். வண்டி எங்கே நிற்கப்போகிறது என்பதை அப்போது ட்விட்டரில் போடுவார்கள், ஜனம் ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே வரிசை கட்டும். ராய் சோய் பெரிய ஹோட்டல் சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். 2010இல் 'ஃபுட் அண்ட் வைன்' பத்திரிகை சிறந்த புதிய செஃப்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயருக்குப் பின்னால் இருந்தது உணவகம் அல்ல, ஒரு வண்டி.

நான் சாப்பிட்ட அளவில் கோகியின் பலம் அது முழுசாக மாறாததுதான். விலாக் கறி டாக்கோவும், கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயும் சீஸும் வைத்து மடித்த கேசடியாவும் எப்போதும் உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் ஸ்பெஷல் என்று ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருக்கும். தெரிந்த டாக்கோ ஒன்று, தெரியாத ஸ்பெஷல் ஒன்று என்று வாங்குவேன். ஸ்பெஷல் பிடிக்காவிட்டாலும் பசியோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. ஃப்ரீமான்ட் தோழி சொல்லும் வண்டியில் அந்த வசதி இல்லையே!

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய ஆசை. 'கூர்மே டிரக்' (உயர்தரச் சாப்பாட்டு வண்டி) என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்குவதற்கு முன்பே கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக டாக்கோ வண்டி நடத்திக்கொண்டிருந்தன. கிங் டாக்கோ 1974இல் ஒரு பழைய ஐஸ்க்ரீம் வண்டியில் தொடங்கியதுதான். கோகி வந்த அதே 2008இல் இந்த வண்டிகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்று கவுன்டி (மாவட்ட நிர்வாகம்) கடுமையான விதி கொண்டுவந்தது. டாக்கோ வண்டிக்காரர்கள் நீதிமன்றம் போய் அதை உடைத்தார்கள். இன்றைக்கு நாம் 15 டாலர் கொடுத்து நின்று சாப்பிடும் இடத்தை வாங்கித் தந்தவர்கள் அவர்கள்.


சன்னிவேல்

சைவம் சாப்பிடுகிறவளாக ஒரு வருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மெனு மாறாத கடையில் ஒருமுறை விசாரித்துத் தெரிந்துகொண்டால் போதும், அப்புறம் கவலை இல்லை. மாறும் மெனுவில் ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து விசாரணை. ஒரு டிரக்கில் பலகையில் பச்சை இலை போட்டிருந்ததை நம்பிக் காளான் சோறு வாங்கினேன். பாதி சாப்பிட்ட பிறகு அந்தச் சோறு கோழிச் சாறில் வெந்தது என்று தெரிந்தது. இலை காளானுக்காகப் போட்டதாம், சோற்றுக்கு இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை.

அதனால் நான் கேட்கும் கேள்விகளை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். சோறும் சூப்பும் எந்தச் சாறில் வெந்தது? சாஸில் மீன் சாஸ் உண்டா? தாய், வியட்நாம் வகைகளில் அநேகமாக இருக்கும். கிம்ச்சியில் மீனோ இறாலோ சேர்ப்பது வழக்கம். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் மசித்தார்களா? சீசர் சாலட் என்றால் நெத்திலி போன்ற ஆன்ச்சோவி இருக்கும். அசல் பார்மசான் சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் வைத்துத்தான் உறைய வைப்பார்கள். கடைசியாக, பொரிக்கும் எண்ணெய் ஒன்றா இரண்டா? வண்டிக்குள் இடம் குறைவு என்பதால் பெரும்பாலும் ஒரே எண்ணெய்தான்.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது இந்த விசாரணையே வேண்டாமென்று 'கறி அப் நவ்' என்ற இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனேன். 2009இல் பே ஏரியாவில் ஒரு டிரக்காகத் தொடங்கி, பிறகு உணவகங்களாக வளர்ந்த கடை. பனீர் டிக்கா மசாலாவை பரிட்டோவுக்குள் சுருட்டித் தந்ததை அம்மா ரசித்துச் சாப்பிட்டார். அப்பாவுக்கு அது சப்பாத்தி ரோலாகவே பட்டது, திருப்திதான்.


ஓக்லாந்து

மெனு மாற்றும் டிரக் ஒன்றில் படிக்கும் காலத்தில் உதவியாளாக வேலை பார்த்தேன். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் ஜன்னலில் பார்ப்பது கடைசிக் கால் மணி நேர வேலை. மீதி எல்லாம் கமிசரி எனப்படும் பொதுச் சமையல் கூடத்தில் நடக்கும். கலிஃபோர்னியாவில் ஓடும் நாளெல்லாம் வண்டி கமிசரிக்குப் போயாக வேண்டும். கழுவுவது, கழிவுநீர் இறக்குவது, நல்ல தண்ணீர் ஏற்றுவது எல்லாம் அங்கேதான். வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து விற்கவே முடியாது. விடியற்காலையில் காய் நறுக்க ஆரம்பித்தால் மதியம் வண்டி கிளம்பும்.

ஐந்து அயிட்டத்துக்கு மேல் ஏன் போடுவதில்லை என்றால், இடம் இல்லை. சூடாக இருக்க வேண்டியது 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, குளிராக இருக்க வேண்டியது 41க்கு மேல் போகக் கூடாது. ஜூலை வெயிலில், ஓயாமல் திறந்து மூடும் சின்ன ஃப்ரிட்ஜில் அந்த 41ஐக் காப்பாற்றுவது பெரும்பாடு. கல் ஒன்று, எண்ணெய் ஒன்று, அடுப்பு இரண்டு. எல்லா அயிட்டமும் கல்லுக்கே வந்துவிட்டால் வரிசை நகராது. அதனால் செஃப் மெனு எழுதும்போது ருசிக்கு முன்னால் இதைத்தான் கணக்குப் போடுவார்: கல்லில் இரண்டு, எண்ணெயில் ஒன்று, ஏற்கெனவே வெந்து சூட்டில் நிற்பது ஒன்று, அடுப்பே படாதது ஒன்று. உங்களுக்கு முன்னால் இருபது பேர் நிற்கும்போது சீக்கிரம் வேண்டுமென்றால் அந்த வெந்து நிற்பதை வாங்குங்கள். நீண்ட நேரம் வேகவைத்த கறி அப்படி நிற்க நிற்க நன்றாகத்தான் இருக்கும். பொரித்ததை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். மூடின பெட்டிக்குள் பத்தே நிமிஷத்தில் வியர்த்து நமத்துவிடும்.

எங்கள் செஃப்புக்குக் கறிவேப்பிலையை அறிமுகம் செய்தது நான் என்பதில் இன்றும் சந்தோஷம். அதை வெண்ணெயில் பொரித்து, சுட்ட சோளத்தின் மேல் தூவினார், அந்த வாரம் சோளம்தான் முதலில் தீர்ந்தது. வீட்டுச் செடியிலிருந்து பறித்துக் கொண்டுபோகவும் வழியில்லை. அங்கீகரித்த இடத்தில் வாங்கியதற்கு ரசீது இருக்க வேண்டும். போதாததற்கு எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை நாசமாக்கும் நோயைப் பரப்பும் சைலிட் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் தங்கும் என்பதால், இங்கே பல கவுன்டிகளில் அந்தச் செடியை இடம் மாற்றவே கட்டுப்பாடு உண்டு. இந்தியன் ஸ்டோரில் கட்டுக் கட்டாக வாங்கினோம்.


நியூ ஜெர்சி

மாறாத மெனுவுக்காக ஒரு வார்த்தை. நியூயார்க்கில் வேலை பார்த்த வருஷங்களில் மதியச் சாப்பாட்டுக்கு வாஷிங்டன் சதுக்கப் பூங்காவுக்குப் போவேன். அதன் தெற்குப் பக்கத்தில் திருக்குமார் அண்ணனின் தோசை வண்டி. இலங்கைத் தமிழர். எல்லாமே வீகன், நெய்கூடக் கிடையாது. 2007இல் நியூயார்க்கின் தெருவோரச் சமையல்காரர்களுக்கான வென்டி விருதை வென்றவர். மசாலா தோசை, பாண்டிச்சேரி தோசை, யாழ்ப்பாணச் சாப்பாடு என்று பட்டியல் அநேகமாக அதேதான். அதே கல், அதே கை.

தினமும் அதையே செய்வதால் வரும் நேர்த்தி இருக்கிறதே, அதை வாரா வாரம் மாறும் வண்டியில் நான் பார்த்ததில்லை. புதிதாக ஒன்றைச் செய்கிறவர் முதல் நாளில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார், நாம் சாப்பிடுவதும் அந்த முதல் நாள் பதிப்பைத்தான். அண்ணனுடைய தோசை எந்த நாளில் போனாலும் ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று இருக்கும். அந்நிய ஊரில் "என்ன வேணும்?" என்று தமிழில் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நிறைவும் சேர்ந்துகொள்ளும், மறுக்கவில்லை.


ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

நியூ ஜெர்சி நண்பர் சொன்ன முதல் நாள் தடுமாற்றம் உண்மைதான். எங்கள் வண்டியிலும் திறந்த முதல் அரை மணியில் வாங்கும் தட்டுக்கும் ஏழு மணிக்கு வாங்கும் தட்டுக்கும் வித்தியாசம் தெரியும், கை பழகிவிடுகிறது. அதற்காகத் தாமதமாகப் போனால் பாதி தீர்ந்திருக்கும். ஐந்து மணிக்குத் திறந்தால் ஐந்தே முக்கால் வாக்கில் போவது சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

சன்னிவேல் தோழிக்கு: உங்கள் கேள்விகளை அப்படியே ஜன்னலில் கேட்டேன். செஃப்பே எட்டிப் பார்த்துப் பதில் சொன்னார். இந்த வாரம் தக்காளி ரொட்டியும் சோளமும் முழுச் சைவம், சாறு எதுவும் கிடையாது, சீஸும் இல்லை. பொரிக்கும் எண்ணெயில் மட்டும் மீனும் போடுகிறார்கள், பொரித்ததைத் தவிர்த்துவிடுங்கள். வியாழக்கிழமை வருவதாக இருந்தால் சொல்லுங்கள், நான் முன்னால் போய் வரிசையில் நிற்கிறேன்.