மாயாவிக்கு மேல் ஒரு வேட்பாளர்

வண்ணார்பேட்டைக்காரன்:

காமிக்ஸ் கிறுக்குப் பிடித்த ஆட்களை நம்ம ஊர்ப் பக்கம் எங்கே சந்தித்தீர்கள் என்று இந்தக் குழுவில் எழுதச் சொல்லி நாலு நாளாகிறது. ஆளாளுக்குப் பதுங்குவதால் நானே ஆரம்பிக்கிறேன். அரசியலும் கலந்துதான் வரும். திருநெல்வேலியில் இரண்டு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு அது பேசாமல் எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

2011 சட்டமன்றத் தேர்தல் சமயம். ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் குனிந்து துழாவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஓர் அண்ணாச்சி, கக்கத்தில் மஞ்சள் பை. கடைக்காரர் ஒரு கட்டை அவிழ்த்ததும் எங்கள் இருவர் கையும் ஒரே புத்தகத்தில் விழுந்தது. முத்து காமிக்ஸ். பின்னட்டை இல்லை. உள்ளே எவனோ பால்பாயிண்ட் பேனாவால் அதன் நாயகன் இரும்புக்கை மாயாவிக்கு மீசை வைத்திருந்தான்.

“எடுத்துக்கிடுங்க தம்பி. எங்கிட்ட மீசை இல்லாதது இருக்கு” என்றார். அப்படித்தான் பழக்கம் ஆனது.

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடம் சிவகாசி ரூட். காமிக்ஸ் வாசகனுக்கு அதைவிட என்ன வேண்டும்? 1972இல் முத்து காமிக்ஸ் பிறந்தது அங்கே, 1984இல் லயன் காமிக்ஸ் வந்ததும் அங்கேதான். வண்டி திரும்ப இருபது நிமிடம் இருந்தால் ஓடிப்போய்ப் புது இதழை வாங்கிவிடுவாராம். நாங்கள் கடைகடையாய் ஏறி இறங்கும்போது, அவர் மீனாட்சிபுரத்து வீட்டில் அதைப் படித்துமுடித்து இரண்டாம் தடவை புரட்டிக்கொண்டிருப்பார்.

அந்த வீட்டுக்கு ஒருநாள் போனேன். அலமாரியைத் திறந்தால் முதுகெல்லாம் கண்டபடி நிறம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டை போட்டிருந்தார், அதுவும் தேர்தல் போஸ்டரில். சிவகாசி அச்சகங்களில் மை சரியாக விழுகிறதா என்று பார்க்க முதலில் கொஞ்சம் தாள் ஓட்டுவார்கள். காசு மிச்சம் பிடிக்க அதே தாளை அடுத்த வேலைக்கும் ஓட்டுவார்கள், அதற்கடுத்த வேலைக்கும் ஓட்டுவார்கள். பிறகு எடைக்குப் போட்டுவிடுவார்கள். அண்ணாச்சி வாங்கிவந்தது அந்தத் தாள். ஒரு கட்சித் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருப்பார், அவர் நெற்றிக்குள் எதிர்க்கட்சித் தலைவர் சிரிப்பார், இருவர் மார்புக்கும் குறுக்கே ஒரு சரவெடி லேபிள், மூலையில் பூப்பு நீராட்டு விழா அழைப்பிதழின் ரோஜாப்பூ.

“இதாம்யா அசல் கூட்டணி. மத்ததெல்லாம் சும்மா” என்றார்.

காபி வந்தது. கரண்ட் போனது. அந்த வருடங்கள் ஞாபகம் இருக்கும்தானே, எப்போது வரும் எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. மாயாவி உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். “மாயாவி திருநெல்வேலியில் இருந்திருந்தால் பொழைப்பு ஓடாது அண்ணாச்சி, பாதி நாள் கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருப்பான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. விசிறியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நம்மூர்ல அவனுக்கு எதிர்மறையால்லா இருக்கு. ஆளு நல்லாத் தெரியுதான். கைதான் தெரிய மாட்டேங்கு.”

அவருக்கு மாயாவியைவிட ஸ்பைடர் பிடிக்கும். ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் ஸ்பைடர் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர். பிரிட்டிஷ் வார இதழில் வந்தது. குற்ற உலகத்துக்கே ராஜா ஆக வேண்டும் என்று கிளம்பிய திருட்டுப் பயல், கொஞ்ச நாளில் திருடர்களைப் பிடிக்கிறவனாக மாறிவிடுவான். ‘கட்சித் தாவல்தானே இது’ என்று கிண்டல் செய்தேன்.

“தாவினான், சரி. ஆனா பழைய பக்கத்தைக் கிழிக்கலையே. இன்னைக்கும் புரட்டினா திருடனாத்தான் இருக்கான். கட்சி தாவுற நம்ம ஆளுகளுக்கு முந்தின கட்டமே கெடையாது. இந்தா இந்தக் கட்டத்துல இருக்கதுதான் கதைங்காம்.”

காமிக்ஸ் படிக்கிறவனுக்குள்ள கெட்ட பழக்கம் இது. குழப்பமாக இருந்தால் விரலை இடுக்கிக்கொண்டு இரண்டு பக்கம் பின்னால் போய், ‘இந்தத் துப்பாக்கி இவன் கைக்கு எப்போது வந்தது’ என்று பார்ப்பான். தியேட்டரில் அது நடக்காது. பாட்டு போட்டு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் ஊர் அரசியல் தியேட்டரில் வளர்ந்ததால்தான் யாரும் பின்னால் புரட்டுவதில்லை என்பது என் கட்சி. திட்டுகிறவர்கள் கீழே திட்டலாம்.

பிறகு 2023 டிசம்பர். 17, 18 தேதிகள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி மீனாட்சிபுரத்துக்குள்ளும் வந்தது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். வீட்டில் மார்பளவுக்குச் சேற்றுக் கோடு. மாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, துணிக்கிளிப் போட்டு மாயாவி, ஆர்ச்சி, லாரன்ஸ், டேவிட் என்று காமிக்ஸ் நாயகர்கள் எல்லாரும் தொங்கினார்கள். அதில் ஒன்று கவனித்தேன். அந்தக் காலத்து நியூஸ்பிரிண்ட் புத்தகங்கள் பழுத்து உப்பிப்போனாலும் பக்கம் பக்கமாகப் பிரிந்தன. 2012க்குப் பிறகு வழவழ தாளில், கலரில், நூற்றுக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியவை எல்லாம் ஒட்டிக்கொண்டு செங்கல் ஆகிவிட்டன. ஒன்றரை ரூபாய்ப் புத்தகம் பிழைத்தது.

போஸ்டர் அட்டைகளின் சாயம் இறங்கியிருந்தது. ஒரு மாயாவி இதழின் முகப்பில், சரியாக இரும்புக்கைக்கு மேல், வேட்பாளர் ஒருவரின் முகம் இடம் வலமாக மாறிப் பதிந்திருந்தது. கும்பிட்ட கை நீல நிறம். கண்டக்டராக இருந்து பழகிய விரல்கள் அல்லவா, டிக்கெட் கிழிக்கிற மாதிரி நிதானமாக ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். “தொடாதிய, நானே பண்ணிக்கிடுதேன்” என்று என்னைப் பக்கத்திலேயே விடவில்லை.

சேரன்மகாதேவி:

அண்ணாச்சி கதை நல்லா இருக்கு. எங்கள் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. நான் ராணி காமிக்ஸ் ஆள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜேம்ஸ் பாண்டும் முகமூடி வீரர் மாயாவியும்தான். இரும்புக்கைக்காரன் இல்லை, இவர் வேறு மாயாவி. முத்து, லயன் ஆட்கள் எங்களைக் கொஞ்சம் இளப்பமாகத்தான் பார்ப்பார்கள்.

நான் அவற்றைப் படித்தது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சலூனில். முடி வெட்டக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு புத்தகம் முடிந்துவிடும். முடியவில்லையென்றால் ‘அண்ணன் நீங்க முந்திக்கோங்க’ என்று அடுத்தவருக்கு இடம் கொடுப்பேன். பெருந்தன்மை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

1987இல் ஒருநாள் அங்கே ஒரே சத்தம். ஆனந்த விகடனின் அட்டையில் வந்த ஒரு துணுக்குக்காக அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் ஜெயில் என்று சட்டசபை சொல்லிவிட்டது. எம்.எல்.ஏ.வைத் திருடனுக்கும் மந்திரியைக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்ட ஜோக். எங்களுக்கு ஏன் அதில் அவ்வளவு சூடு என்றால், அப்போது சபாநாயகர் பி.எச்.பாண்டியன், எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. சபாநாயகருக்கு ‘வானளாவிய அதிகாரம்’ என்ற சொல் அவர் காலத்தில்தான் தமிழ்நாடு முழுக்கப் பிரபலம். சலூனில் பாதிப் பேருக்கு நம்ம ஊர்க்காரர் என்ற பெருமை. மீதிப் பேருக்கு ‘ஒரு படத்துக்கா இம்புட்டு?’ என்ற கேள்வி.

சலூன்காரர் ஒன்றும் பேசவில்லை. அந்த விகடனைத் தேடி எடுத்து, கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆணியில் மாட்டினார். முடி வெட்டிக்கொள்ளும் எல்லாரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும், கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க முடியாதே. உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மேலே பார்த்தார். கத்தி கழுத்தில் இருந்ததால் ஒன்றும் சொல்லாமல் ஷேவிங் முடித்துப் போனார்.

எதிர்ப்பு பலமானதும் ஆசிரியரைச் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை தப்பு என்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. 2025 பிப்ரவரியில் பிரதமரை விலங்கோடு வரைந்த கார்ட்டூனுக்காக அதே விகடனின் இணையதளத்தை முடக்கினார்கள் அல்லவா, அன்றைக்கு எனக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வந்தது. 38 வருடத்தில் ஆட்களும் கட்சியும் மாறிவிட்டார்கள்.

தென்காசித் தம்பி:

காமிக்ஸ் பேச வந்த இடத்தில் அரசியல் எதுக்கு? டெக்ஸ் வில்லர் பேசுங்கப்பா.

கொக்கிரகுளம்:

டெக்ஸ் பேசத்தான் வந்தேன் தம்பி. அரசியலும் ஒட்டிக்கொண்டே வரும், என்ன செய்ய.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர். பட்டா மாற்றத்துக்காக நான் அலைந்த காலத்தில் பழக்கம். மரப்பலகை, கார்பன் தாள், பேனா, பலகைக்கு அடியில் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் புத்தகம் ஒன்று. ஆள் வராத நேரத்தில் இரவுக்கழுகார், அதாவது டெக்ஸ், அரிசோனாவில் குதிரை ஓட்டுவார், இவர் வேப்பமரத்தடியில் படிப்பார். ஏன் டெக்ஸ் என்று கேட்டேன். “ஒரே ஆளு ரேஞ்சராவும் இருக்கான், நவஹோ ஜனங்களுக்குத் தலைவனாவும் இருக்கான். மனுவும் அவனே வாங்கி, அவனே விசாரிச்சு, அவனே தீர்த்து வைக்கான். நமக்கு அப்படியா?” என்றார். நாற்பது வருடம் மனு எழுதியவர் சொன்னது.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மனு நாள். கந்துவட்டிக் கொடுமைக்கு மனுமேல் மனு கொடுத்தும் ஒன்றும் நடக்காத ஒரு குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பிஞ்சுகள், அந்த வளாகத்திலேயே தீ வைத்துக்கொண்டது. நால்வரும் போய்விட்டார்கள். அதைப் பற்றி நான் இதற்குமேல் எழுத விரும்பவில்லை. அதைக் கண்டித்துக் கார்ட்டூன் வரைந்த ஜி.பாலாவை நவம்பர் 5ஆம் தேதி சென்னையில் வைத்துக் கைது செய்து இங்கே கொண்டுவந்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. அந்தப் படம் நாகரிகமாக இல்லை என்று சொன்னவர்கள் நிறைய. எனக்கும் பார்த்ததும் சங்கடமாகத்தான் இருந்தது. சங்கடப்பட வேண்டிய விஷயத்துக்குச் சங்கடமான படம்தானே வரும்.

பெரியவர் கொஞ்ச நாள் பலகை போடவில்லை. பிறகு வந்தார். வாசலில் போலீஸ் ஒவ்வொரு பையையும் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்த காலம் அது. அவர் பையில் டெக்ஸ் இருந்தது. போலீஸ்காரர் அதை எடுத்து இரண்டு பக்கம் புரட்டி, ‘இது எந்த நம்பர்?’ என்று கேட்டாராம். அவரும் நம்ம ஆள்.

பாளையங்கோட்டை டீச்சர்:

நான் சந்தித்ததெல்லாம் சின்னதுகள். மாயாவி யார் என்று என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. ஆனால் வண்ணார்பேட்டை அண்ணன் சொன்ன ‘முந்தின கட்டம்’ அவர்களுக்கு நன்றாகவே தெரியும். மேலே வடிவேலு நெஞ்சை நிமிர்த்துவார், கீழே வடிவேலு அடி வாங்குவார். இரண்டு கட்டம் போதும், காமிக்ஸ் முடிந்தது. 2019 மே கடைசியில் டெல்லியில் பதவியேற்பு நடக்கிற நேரத்தில் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல்தான் இணையத்தில் முதலிடம். அதற்கு மேல் கார்ட்டூனிஸ்ட் என்ன வரைய?

வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பர் 30 அன்று விஜய் பாளையங்கோட்டைக்கு வந்து நிவாரணம் கொடுத்தார். கட்சி அறிவித்தது அடுத்த பிப்ரவரியில். பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டில் ஆறு கட்டம் போட்டு அதை வரைந்து காட்டினாள். ஐந்து கட்டம் கூட்டம், தலைகள், தூக்கிப் பிடித்த செல்போன்கள். ஆறாவதில் அவளுடைய ஆச்சி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தனியாகச் சேற்றில் நடக்கிறாள். ‘விஜய் எங்கம்மா?’ என்றேன். ‘கூட்டத்துல தெரியல டீச்சர்’ என்றாள். அவள் தீவிர விஜய் ரசிகை, கிண்டலுக்கு வரையவில்லை. அதனால்தான் எனக்கு அது பிடித்தது.

வண்ணார்பேட்டைக்காரன்:

டீச்சர், அந்த நோட்டுப் பக்கத்தை அண்ணாச்சிக்குக் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

நேற்று அவரிடம் இந்தப் பதிவுகளைப் படித்துக் காட்டினேன். ராணி காமிக்ஸ்காரருக்கு ஒரு செய்தி: தன்னிடம் முகமூடி வீரர் மாயாவி முப்பது இருப்பதாகவும், அதை வெளியில் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டேன். இன்னொன்று, அவர் வைத்திருந்த ஜானி நீரோ இதழ் ஒன்றில் வெள்ளத்தில் நடுப்பக்கத் தாள் ஒன்று கரைந்துவிட்டது. வில்லன் யார் என்பது அதில்தான் இருக்கிறது. அவருக்கு மனப்பாடம்தான், இருந்தாலும் பக்கம் வேண்டுமாம். அட்டைப்படத்தை மாலையில் போடுகிறேன். யாரிடமாவது இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் எடுக்கவும், கை நிழல் விழாமல்.