'கதையெச்சம்': ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

நாவலின் கதை முடிந்தபின் பிற்சேர்க்கை போல வந்தாலும், அக்கதையுலகின் பிற்காலத்திலிருந்தே எழுதப்பட்டதாக அமையும் பகுதியைக் 'கதையொழிபு' எனலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். யாப்பருங்கலம் என்னும் செய்யுளிலக்கண நூலில், முன் இயல்களில் சொல்லாது விட்டவற்றைக் கூறும் ஒழிபியலை நினைவூட்டும் அச்சொல் மரபில் வேரூன்றியதுதான். ஆயினும் இன்றைய வாசகர் அதை 'ஒழிப்பு' என்றே படிப்பார்; தணிக்கை பற்றிய நாவல்களை ஆராயுமிடத்தில் அம்மயக்கம் பொருளையே தலைகீழாக்கிவிடும்.

1949இல் வெளியான ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலைப் பாருங்கள். பழைய செய்தித்தாள்களைத் திருத்தியெழுதுவதே வேலையாக இருந்த வின்ஸ்டன், இறுதியில் தன் மனமே திருத்தப்பட்டவனாகிறான். அதன் பிறகு, கதையில் வரும் ஓஷியானியா நாட்டை ஆளும் கட்சி மாற்றுச் சிந்தனைக்கே இடமில்லாதபடி உருவாக்கும் நியூஸ்பீக் மொழியின் நெறிகளை விளக்கும் பின்னிணைப்பு வருகிறது. அது நியூஸ்பீக்கில் இல்லை. வழக்கமான ஆங்கிலத்தில், இறந்தகாலத்தில் இருக்கிறது. 'ஓஷியானியாவின் ஆட்சிமொழியாக இருந்தது' என்பதிலுள்ள 'இருந்தது' அந்த ஆட்சி நிலைக்கவில்லை என்று உணர்த்துகிறது. இறந்தகாலம் புனைகதையின் பொது நடைதானே என்று மறுப்பாரும் உண்டு. ஆனால் ஷேக்ஸ்பியர், மில்டன் போன்றோரை அம்மொழிக்கு மாற்ற நாள் பிடிக்கும் என்பதாலேயே அதை முழுமையாக ஏற்கும் ஆண்டு 2050 எனத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது என்று அப்பகுதி முடியும்போது, எல்லாம் கடந்தபின் ஒருவர் திரும்பிப் பார்க்கும் குரலே எனக்குக் கேட்கிறது. மொழிபெயர்ப்பவர் 'ஆட்சிமொழியாகும்' என்று எழுதிவிட்டால் அக்குரல் போய்விடும். முதல் அத்தியாயத்தின் அடிக்குறிப்பே வாசகரை இப்பின்னிணைப்புக்கு அனுப்புகிறது; அமெரிக்கப் புத்தகக் கழகம் ஒன்று இதை நீக்கச் சொன்னபோது ஆர்வெல் உடன்படவில்லை. இது கட்டமைப்பின் உறுப்பு, ஒட்டு அன்று.

ஆகவே 'கதையெச்சம்' என்று முன்மொழிகிறேன். எச்சம் என்பது எஞ்சி நிற்பது; வினையெச்சத்தைப் போல, முடிக்கும் சொல்லை வேண்டி நிற்பதும் அதுவே. கட்சி எப்படி வீழ்ந்தது என்று ஆர்வெலின் பின்னிணைப்பு சொல்வதில்லை. அதை வாசகர்தான் முடித்துக்கொள்ள வேண்டும். மார்கரெட் ஆட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாவலுக்கும் இச்சொல் பொருந்துகிறது: பெண்கள் படிக்கவே தடையுள்ள நாட்டில் ஒருத்தி சொன்ன கதை ஒலிநாடாக்களில் எஞ்சியதை, 2195இல் நடப்பதாக நாவலின் இறுதியில் வரும் கருத்தரங்கு உரையே நமக்குச் சொல்கிறது.

பறவை எச்சம் நினைவுக்கு வருமே என்று தயங்க வேண்டாம். பெயரெச்சத்தைப் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். கதையை இருபுறமும் சூழும் 'சட்டகக் கதை'யோடு இதைச் சேர்க்காமல், தனிப் பதிவாகவே சொற்பட்டியலில் இடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.