65ஆவது கூடையில் நின்றுபோகும் ப்ரோக்ராம்: ஓ2 போட்டால் டிலீட் வேலை செய்யவில்லை

கேள்வி: பொகவந்தலாவைப் பையன்

போனில் இருந்து எழுதுகிறேன், கோடை ஒட்ட முடியவில்லை. வாயாலேயே சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்க ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஒரு சி++ ப்ரோக்ராம் ஓடுகிறது. நான் எழுதியதுதான். அம்மாவும் அந்த வரிசையில்தான் நிற்கிறார், பிழை விட்டால் வீட்டுக்குள்ளேயே ஏச்சு. கூடையை மாட்டியதும் ஓர் ஒப்ஜெக்ட் உருவாகும்; செக்ரோல் நம்பர் (தொழிலாளியின் பதிவு எண்), நிறை, ஈரத்துக்குக் கழித்தது எல்லாம் அதில். ஃபைலில் எழுதி முடிந்ததும் டிலீட். இதற்கென்று 64 இடம் உள்ள ஒரு பூல் (முன்கூட்டியே ஒதுக்கிய மெமரி) வைத்திருக்கிறேன். ஒப்ஜெக்ட்டுக்குள்ளேயே 'நிலை' என்று ஓர் இன்ட். ஒப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் அதை 1 ஆக்கும், அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டர் 0 ஆக்கும். ஒபரேட்டர் நியூ, 0 உள்ள இடத்தைத் தேடிக் கொடுக்கும். ஒபரேட்டர் டிலீட்டுக்குள் ஒன்றுமே இல்லை.

இரண்டு வருடமாகச் சிக்கல் இல்லை. திரையில் நிறை வரத் தாமதம் என்று கணக்கப்பிள்ளை முணுமுணுத்ததால் போன கிழமை, ப்ரோக்ராமை வேகமாக்கச் சொல்லும் ஓ2 என்ற கொம்பைலர் கொடியைச் சேர்த்தேன். மறுநாள் காலை நிறுவையில் 64 பேர் வரை சரி. அடுத்து வந்த அக்காவின் கூடைக்கு 'இடமில்லை' என்று காட்டி நின்றுவிட்டது. "என்னா தம்பி, மெஷினுக்கே நம்மள புடிக்கலயா?" என்று கேட்டார். பின்னால் மழையில் இன்னும் எண்பது பேர். கணக்கப்பிள்ளை பழைய கொப்பியை எடுத்துவிட்டார்.

வேகமாக்கல் இல்லாத ஓ0 என்றால் சரி. ஓ1, ஓ2 இரண்டிலும் பிழை. வேடிக்கை என்னவென்றால், டிஸ்ட்ரக்டரின் கடைசி வரியாகத் திரையில் எழுதும் ஒரு பிரிண்ட்எஃப் போட்டால் ஓ2விலும் சரியாக ஓடுகிறது! மெமரிப் பிழை தேடும் வேல்கிரைண்ட் வாயே திறக்கவில்லை. கொம்பைலர் ஜிசிசி 12. இது கொம்பைலர் பிழைதானே? ஜிசிசி ஆட்களுக்கு அறிவிக்கவா?

பதில் 1: ஹட்டன் ஸ்டேஷன்

ஓ0க்கே போய்விடுங்கள் தம்பி. தாமதம் பரவாயில்லை, கணக்கு சரியாக இருந்தால் போதும்.

பதில் 2: பண்டாரவளைக் குளிர்

அறிவிக்க வேண்டாம் தம்பி, "செல்லாது" என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள். எனக்கு ஒருமுறை நடந்தது, இன்னும் வெட்கம்.

சி++ விதிப்படி டிஸ்ட்ரக்டர் தொடங்கும்போதே ஒப்ஜெக்ட்டின் ஆயுள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதன் உறுப்பில் என்ன மதிப்பு இருக்கும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. நீங்கள் டிஸ்ட்ரக்டரில் 0 எழுதுகிறீர்கள். ஜிசிசி பார்க்கிறது, "இதை இனி யாரும் படிக்கப்போவதில்லை", அந்த எழுத்தையே தூக்கிவிடுகிறது. இடிக்கப்போகும் லயத்துக் காம்பராவின் உள்சுவரில் 'காலி' என்று சுண்ணாம்பால் எழுதியது மாதிரி. உங்கள் பூல் அந்தச் சுவரைத்தான் தேடிப் போய்ப் படிக்கிறது. அங்கே பழைய 1 அப்படியே கிடக்கிறது, 64 இடமும் நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது.

பிரிண்ட்எஃப் சங்கதியும் இதேதான். 0 எழுதிய பிறகு வெளியே உள்ள ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அது அந்த மெமரியை எட்டிப் பார்க்காது என்று கொம்பைலரால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் எழுத்தை விட்டுவைக்கிறது. பிரிண்ட்எஃப்பை 0 எழுதும் வரிக்கு மேலே வைத்துப் பாருங்கள், பிழை திரும்பி வந்துவிடும்.

வேல்கிரைண்ட் பேசாததற்குக் காரணம், பூல் முழுவதும் ஒரே அரே. அதற்குத் தெரிந்தவரை எதுவுமே ஃப்ரீ ஆகவில்லை.

நாளைக் காலை நிறுவைக்கு அவசரம் என்றால் ஓ2வோடு எஃப்நோ-லைஃப்டைம்-டிஎஸ்இ என்ற கொடியைச் சேர்த்து பில்ட் செய்யுங்கள். எஃப்லைஃப்டைம்-டிஎஸ்இ=1 என்று போட்டுவிடாதீர்கள்; அது கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் எழுதியதை மட்டும்தான் காப்பாற்றும், உங்கள் நோய் மறுபக்கம்.

சரியான மருந்து: நிலையை ஒப்ஜெக்ட்டுக்குள் வைக்காதீர்கள். பூலுக்குப் பக்கத்தில் 64 உண்மை-பொய் மதிப்புகள் உள்ள தனி அரே. ஒபரேட்டர் டிலீட்டுக்கு வரும் முகவரியில் இருந்து பூலின் தொடக்க முகவரியைக் கழித்து, ஒப்ஜெக்ட்டின் அளவால் வகுத்தால் எத்தனையாவது இடம் என்று தெரியும். அந்தக் கட்டத்தைப் பொய் ஆக்குங்கள். காம்பராக் கணக்கு ஒஃபீஸ் புத்தகத்தில்தானே இருக்க வேண்டும்?

பதில் 3: தலவாக்கலை நைட் ஷிஃப்ட்

குறுக்கே ஒரு வார்த்தை. அடையாள அட்டை நம்பர், பாஸ்வேர்ட் மாதிரி எதையாவது டிஸ்ட்ரக்டரில் மெம்செட் போட்டு அழித்து வைத்திருந்தால் அதுவும் இதே வழியில் காணாமல் போயிருக்கும், மெமரியில் அப்படியே இருக்கும். அதற்குக் கொம்பைலர் தூக்கிவிடாத எக்ஸ்ப்ளிசிட்_பிஸீரோ பாவியுங்கள், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.25இல் இருந்து உண்டு.

கேட்டவர்: பொகவந்தலாவைப் பையன்

பண்டாரவளை அண்ணே, பிரிண்ட்எஃப்பை மேலே ஏற்றியதும் பிழை வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் முழுசாக நம்பினேன்.

முதல் நாள் கொடியோடு ஓட்டினேன். இரவு தனி அரேக்கு மாற்றி, கொடியை எடுத்துவிட்டு ஓ2விலேயே பில்ட் செய்தேன். ஒபரேட்டர் டிலீட்டில் மூன்றே வரி. இன்று காலை 143 கூடை, நிற்கவில்லை. நிறையும் உடனே வருகிறது.

அந்த அக்கா மட்டும் இன்றைக்கு 63ஆவதாகப் போய் நின்றுகொண்டார். சரியாகிவிட்டது என்று சொன்னேன், "இருக்கட்டும் தம்பி" என்றார்.