புதுப்பிப்பு: சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ், சேலஞ்சர்ஸ் பிரிவு என்ன ஆச்சு?

2024 நவம்பர்ல, சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்துல இந்த செஸ் போட்டி நடந்தப்போ ஒரு இழை போட்டிருந்தேன். இதுல ரெண்டு பிரிவு: மேல்மட்டம் மாஸ்டர்ஸ், அதுக்கு அடுத்தது சேலஞ்சர்ஸ். சேலஞ்சர்ஸ்ல ஜெயிக்கிறவருக்கு அடுத்த வருஷம் மாஸ்டர்ஸ்ல இடம்னு சொல்றாங்களே, நிஜமாவே கொடுப்பாங்களான்னு பலர் கேட்டிருந்தீங்க.

கொடுத்தாங்க. அந்த வருஷம் ஜெயிச்ச வி. பிரணவ், 2025 ஆகஸ்ட்ல மாஸ்டர்ஸ்ல வின்சென்ட் கீமர், அனிஷ் கிரி, அர்ஜுன் எரிகைசி மாதிரி முன்னணி கிராண்ட்மாஸ்டர்களோட ஒரே பட்டியல்ல ஆடினார். நடுவுல மார்ச் மாசம் மான்டினீக்ரோவுல உலக ஜூனியர் (20 வயசுக்குட்பட்டோர்) பட்டமும் வாங்கிட்டார், அதனால இது யாரோ போட்ட பிச்சைன்னு ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. மாஸ்டர்ஸ்ல அவருக்கு நல்ல அடிதான். இருக்கட்டும், இந்த மாதிரி ஆட்டம் வீட்டு வாசல்லயே கிடைக்கறது லேசா என்ன?

2025 போட்டி தொடங்குறதுக்கு முந்தின ராத்திரி, போட்டி நடக்க இருந்த ஹோட்டல்ல தீ விபத்து. ஆகஸ்ட் 6 தொடங்க வேண்டியது 7-க்குத் தள்ளிப்போச்சு. மாஸ்டர்ஸ் பட்டம் கீமருக்கு, 9 சுற்றுல 7 புள்ளி. கடைசிச் சுற்றுக்கு முன்னாடியே முடிஞ்ச கதை, சுவாரஸ்யம் குறைவுதான். சேலஞ்சர்ஸ்ல காரைக்குடி எம். பிரனேஷ் 6.5 எடுத்து முதலிடம்.

அரவிந்த் சிதம்பரம் எங்கேன்னு கேட்டவங்களுக்கு: 2024-ல புள்ளி சமமானப்போ, லெவோன் அரோனியனை பிளிட்ஸ் டைபிரேக்ல (முடிவுக்காக ஆடுற அதிவேக ஆட்டங்கள்) 2-0ன்னு சாய்ச்சு மாஸ்டர்ஸ் பட்டம் வாங்கினவர், 2025 பட்டியல்ல இல்லை. ஆனா 2025 மார்ச்லயே செக் நாட்டுல நடக்கற பிராக் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயிச்சுட்டார்.