வெள்ளத்தில் குடிசை போன இருளர் குடும்பங்களுக்கு என்ன செய்தால் உண்மையில் உதவும்?

லாஸ்பேட்டைவாசி:

வணக்கம். பாகூருக்கு அந்தப் பக்கம் தென்பெண்ணைக் கரையோரம் 19 இருளர் பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றன. ஃபெஞ்சல் புயல் அன்றைக்கே கூரை போய்விட்டது, கீற்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையில் 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள் இல்லையா, அதில் சுவரும் போய் இப்போது வெறும் சேறுதான் கிடக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். பள்ளி திறக்க வேண்டுமாம், இரண்டு நாளில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து 62,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். அரிசி, போர்வை, வீட்டில் இருக்கிற பழைய துணி எல்லாம் ஒரு வேனில் கொண்டுபோகலாம் என்று திட்டம். நேற்று சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். ஒரு பாட்டி, "துணி வேணாம்பா, முன்ன குடுத்ததே மூலையில கெடந்து மக்கிப்போச்சு" என்றார். சுருக்கென்றது. அப்போ என்னதான் வாங்குவது? 2015 வெள்ளத்தில், 2011 ‘தானே’ புயலில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பண்ருட்டி முந்திரி:

பாட்டி சொன்னதுதான் சரி. 2015-இல் கடலூர் மாவட்டத்துக்கு லாரி லாரியாகத் துணி வந்தது. ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள், மழையில் ஊறி நாற்றமடித்தது. கிழிந்த ஜீன்ஸ், ஜரிகை போன பட்டுப்புடவை, ஒரு மூட்டையில் கோட்டு சூட்டு கூட இருந்தது சார், சத்தியமாக.

முதலில் நல்ல கனமான தார்ப்பாய். மெல்லிய நீல ஷீட் வேண்டாம், நாலு நாள் காற்றில் கிழிந்துவிடும். கூடவே மூங்கிலும் கயிறும் வாங்குங்கள், கம்பு இல்லாமல் தார்ப்பாயை எதன்மேல் கட்டுவது? அப்புறம் சோற்றுப்பானை, குண்டான், மூடியுள்ள குடம். அரிசி எப்படியும் யாராவது கொடுத்துவிடுவார்கள், ஆக்குவதற்குப் பானை இருக்காது.

இன்னொன்று யாருக்கும் தோன்றாது. தொழில் சாமான். வலை, கடப்பாரை, மண்வெட்டி, கரும்பு வெட்டுகிற கத்தி எல்லாம் ஆற்றோடு போயிருக்கும். கத்தி இல்லை என்றால் நாளைக்குக் கூலிக்குக் கூப்பிட்டாலும் போக முடியாது. வீடு வீடாக உட்கார்ந்து என்ன போனது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாங்குங்கள்.

ரிட்டயர்டு ஆர்.ஐ.:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த இடம் புதுச்சேரியா, தமிழ்நாடா? பாகூர்ப் பக்கம் எல்லைக்கோடு வயலுக்கு வயல் வளைந்து போகும். சொந்தக்காரர்களே ஆளுக்கொரு மாநிலத்தில் இருப்பார்கள். இந்தப் புயலுக்குப் புதுச்சேரி அரசு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிக்கு 2,000, குடிசை சேதத்துக்கு 10,000. இரண்டு பக்கமும் கார்டு இல்லாதவன் இரண்டு பட்டியலிலும் வரமாட்டான். நிவாரணம் கொடுக்கிற அன்றைக்கு டோக்கன் வரிசைக்கு வெளியே நிற்பது பெரும்பாலும் இவர்கள்தான், நானே பார்த்திருக்கிறேன், அதில் நானும் ஒரு வருவாய்த்துறை ஊழியனாக உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் இருளர் பழங்குடிப் பட்டியலில் மட்டும் இல்லை, மிகவும் நலிந்த பழங்குடியினர் என்று தனியாகக் குறித்த ஆறு குலங்களில் ஒன்று. அந்தியோதயா கார்டில் மாதம் 35 கிலோ அரிசி கிடைக்கும், இவர்களுக்காகவே 2023-இல் வந்த மத்திய அரசின் ஜன்மன் திட்டத்தில் வீடும் கேட்கலாம். புதுச்சேரிக்குள் வந்தால் கதை வேறு. அங்கே 2016 டிசம்பரில்தான் இருளரைப் பழங்குடிப் பட்டியலிலேயே சேர்த்தார்கள், வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் சேர்த்து. அதுவரை பின்தங்கிய பழங்குடி என்று ஒரு தனிக் கணக்கு. நலிந்த பழங்குடிப் பட்டியலில் புதுச்சேரிக்கு இடமே இல்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இருக்கிற உரிமை வாய்க்காலைத் தாண்டிக் குடியிருக்கிற தம்பிக்கு இல்லை.

சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் தாசில்தார் தரமாட்டார், கோட்டாட்சியர் தர வேண்டும். அப்பாவின் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பாவுக்கு ஏது சான்றிதழ்? ரத்த சொந்தத்தில் யாரிடமாவது இருந்தால் அதன் நகலை வைத்து மனு கொடுங்கள். ஆதார், பாஸ்புக், கார்டு தண்ணீரில் போனவர்கள் பட்டியலைத் தனியாக எழுதி, எல்லோர் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக் கலெக்டர் ஆபீசில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். ரசீது முக்கியம்.

நேரு வீதி:

கேட்கிறேன் என்று கோபப்பட வேண்டாம். ஆற்றங்கரையில் ஏன் திரும்பத் திரும்பப் போய்க் குடிசை போடுகிறார்கள்? எத்தனை தடவைதான் காசு வசூலிப்பது?

கிள்ளை பையன்:

நேரு வீதி அண்ணே, கோபம் வரத்தான் செய்கிறது, ஆனாலும் பதில் சொல்கிறேன். நான் இருளர். எங்கள் தாத்தா காலத்தில் காடும் வேட்டையும் இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. நிலம் எங்கள் பெயரில் எப்போதும் இருந்ததில்லை. ஊருக்குள் போனால் இடம் தரமாட்டார்கள். ஏரிக்கரை, ஆற்றங்கரை, சுடுகாட்டு ஓரம், இங்கேதான் யாரும் விரட்டமாட்டார்கள், அதாவது உடனே விரட்டமாட்டார்கள். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடையாது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. சரி, மேட்டில் ஒரு மூன்று சென்ட் மாற்று இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். பணக்காரர்கள் ஏரியை வளைத்து பிளாட் போட்டபோது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

(பாம்பு பிடிப்பீர்களா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். அது செங்கல்பட்டுப் பக்கம், வடநெம்மேலியில் 1978-இல் இருந்து கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. எனக்குப் பாம்பு என்றால் பயம்.)

சுனாமி சமயத்தில் எங்கள் அம்மா பிச்சாவரத்துச் சதுப்பில் இறால் தடவிக்கொண்டிருந்தவர். கழுத்தளவுத் தண்ணீரில் கையாலேயே தடவிப் பிடித்து, பல்லால் கவ்வியிருக்கிற பறிக் கூடையில் போடுவது. படகு உடைந்தவர்களுக்குப் படகு கொடுத்தார்கள், நியாயம்தான். படகே இல்லாதவர்களை மீனவர் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மா இன்னும் சொல்வார், "நம்ம கைய யாரும் கணக்குல எழுதல" என்று.

லாஸ்பேட்டை அண்ணா, உங்களுக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும். வேனை எடுத்துக்கொண்டு சீக்கிரம் போங்கள், ஏனென்றால் உங்களுக்கு முன்னால் செங்கல் சூளை மேஸ்திரி போய்விடுவார். வெள்ளம் வடிந்ததும் முதலில் வருவது அவர்தான். பத்தாயிரம், இருபதாயிரம் முன்பணம் கொடுத்து, தை பிறந்ததும் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு போவார். பிள்ளைகள் படிப்பு அன்றோடு சரி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது, ஆனால் கூரை இல்லாதவனுக்கு அந்த மேஸ்திரி கடவுள் மாதிரித் தெரிவார். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் கையில் இரண்டாயிரம், மூன்றாயிரம் பணமாகவே கொடுங்கள். குடித்துவிடுவார்கள் என்று யாராவது சொல்வார்கள். பெண்கள் கையில் கொடுங்கள்.

பட்டா, சான்றிதழ் விஷயத்துக்குத் தனியாக அலையாதீர்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது, அவர்களிடம் போங்கள். அப்புறம் கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள், தயவுசெய்து.

லாஸ்பேட்டைவாசி:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்தோம். எல்லாக் குடும்பத்திடமும் உட்கார்ந்து பேசி எழுதினோம், அதற்கே ஒரு முழு நாள் ஆனது. தார்ப்பாய், மூங்கில், பாத்திரம் வாங்கியாயிற்று. கத்தியும் கடப்பாரையும் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ப் பட்டறையில் சொல்லியிருக்கிறோம். மீதியைப் பெண்கள் கையில் கொடுத்தோம், தலைக்குப் பெரிதாக வரவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். ஆர்.ஐ. சார், 11 குடும்பம் புதுச்சேரி, 8 குடும்பம் தமிழ்நாடு, நீங்கள் சொன்னது போலவே. கார்டு இருப்பது மொத்தம் ஏழு பேரிடம். பள்ளியில் இன்னும் ஒரு வாரம் இருக்க அந்தத் தலைமையாசிரியரே அனுமதி வாங்கித் தந்தார், நல்ல மனுஷர். மனுவும் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம், நேரு வீதிதான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார், சொல்ல வேண்டும் இல்லையா.

கிள்ளை தம்பி, ஒரு விஷயத்தில் நாங்கள் தாமதம். பட்டியலில் 19 குடும்பம், பள்ளியில் இருப்பது 18. ஒரு குடும்பம் நாங்கள் போனதற்கு முதல் நாள் ராத்திரியே வேனில் ஏறிவிட்டது, முன்பணம் 15,000 என்கிறார்கள். ஒன்பதாவது படிக்கிற பெண்ணும் போய்விட்டாள், பையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். திருவள்ளூர்ப் பக்கம் ஏதோ சூளை என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் இதுபோன்ற விஷயங்களில் வேலை செய்கிறவர்கள் இங்கே யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.