எலி மகாதமனிச் செல்கள்: வளர்வது மென்தசையா, ஃபைப்ரோபிளாஸ்ட்டா?

கேள்வி:
எல்லோருக்கும் வணக்கம். எலியின் மார்பு மகாதமனியில் இருந்து மென்தசைச் செல்களை வளர்க்கிறேன். எக்ஸ்பிளாண்ட் முறைதான்: பொடித் துண்டுகளாக நறுக்கி ஃபிளாஸ்கில் ஒட்டவைத்து, 10% சீரம் கலந்த டிஎம்இஎம் மீடியம் (ஊட்டத் திரவம்) ஊற்றி இன்குபேட்டரில் வைத்தேன். துண்டுகளின் ஓரத்தில் இருந்து செல்கள் கிளம்பி, இப்போது மளமளவென்று பெருகுகின்றன. ஆனால் மென்தசையின் சுருங்கும் இழைப் புரதமான ஆல்ஃபா ஆக்டினுக்குச் சாயமேற்றிப் பார்த்தால் சில செல்களில் நார் நாராகப் பளிச்சென்று தெரிகிறது, பக்கத்திலேயே இருப்பவை வெறும் மங்கல். இணைப்புத் திசுச் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட் கலந்துவிட்டதா, இல்லை மென்தசைச் செல்லே மாறிவிட்டதா? கைடு மேடம் இதை வைத்தே அடுத்த சோதனையைத் தொடங்கச் சொல்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில் 1:
மனசு ஒப்பாதது நியாயம்தான், இரண்டுமே நடந்திருக்கலாம். முதலில் தமனியின் வெளியுறையை எப்படி நீக்கினீர்கள் என்று சொல்லுங்கள், ஃபைப்ரோபிளாஸ்ட் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். கொழுப்பை மட்டும் வழித்துவிட்டு நறுக்கினால் அது துண்டோடு கூடவே வந்துவிடும். கொலாஜனைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியில் கொஞ்ச நேரம், பத்துப் பதினைந்து நிமிடம் போல, ஊறவிட்டு, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒரு ஃபோர்செப்ஸால் தமனியைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் இழுத்தால், வெளியுறை சாக்ஸ் கழற்றுவது போல மொத்தமாக உருண்டு வரும். அப்புறம் தமனியை நீளவாக்கில் பிளந்து உட்பக்கத்தை மெதுவாகச் சுரண்டிவிட்டால் எண்டோதீலியம் என்ற உள்வரிச் செல்களும் போய்விடும். மிஞ்சுகிற நடுப்படலம்தான் உங்களுக்கு வேண்டியது. துண்டுகளை வைக்கும்போது மீடியம் நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள், நிறைய ஊற்றினால் மிதந்துவிடும். முதல் சில நாட்கள் ஃபிளாஸ்க்கை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் சுத்தமாக எடுத்தாலும் செல் அப்படியே இருக்காது. தமனிச் சுவரில் இருக்கும்போது அதன் வேலை சுருங்குவது, அது அங்கே இரண்டாகப் பிரிந்து பெருகுவது மிக அபூர்வம். கல்ச்சருக்கு வந்ததும் சுருங்கும் இழைகள் குறைந்து, செல்லுக்குள் புரதம் சுரக்கும் நுண்ணுறுப்புகள் பெருகி, செல் பிரியத் தொடங்கிவிடும். சுருங்கும் நிலை, சுரக்கும் நிலை என்று இதைப் பிரித்து 1979-லேயே கேம்ப்பெல் குழுவினரும் நோயியல் ஆய்வாளர் ரஸ்ஸல் ராஸும் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

சீரத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ராஸின் குழு 1974-இல் குரங்கின் தமனிச் செல்களை வைத்துக் காட்டியது: முழு ரத்தம் உறைந்து கிடைத்த சீரத்தில் செல்கள் நன்றாகப் பெருகின, பிளேட்லெட்டை நீக்கிய பிளாஸ்மாவில் இருந்து எடுத்த சீரத்தில் பெரும்பாலும் அடங்கிக் கிடந்தன. பிளேட்லெட் உடையும்போது வெளிவரும் வளர்ச்சிக் காரணிதான் பிற்பாடு பிடிஜிஎஃப் என்று பெயர் பெற்றது. தமனியில் காயம் பட்டால் பிளேட்லெட்டுகள் அங்கேதான் வந்து கொட்டுகின்றன. ஆகவே 10% சீரத்தில் இருக்கும் செல்லுக்குத் தான் எப்போதும் ஒரு காயத்தில் இருப்பதாகவே தெரியும். சோதனைக்கு முன் 0.1 முதல் 0.5% வரை சீரத்தில் ஒன்றிரண்டு நாள் வைப்பது இதற்காகத்தான்.

கேட்டவர்:
வெளியுறையை முழுதாக நீக்கவில்லை, கொழுப்பை மட்டும்தான் எடுத்தோம். அப்படியானால் ஆல்ஃபா ஆக்டினை நம்பலாமா?

பதில் 2:
அதை மட்டும் நம்பாதீர்கள். தூண்டப்பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட்டும் சுருங்கக்கூடிய மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறி அதே ஆக்டினைச் செய்யும். நிலை மாறிய மென்தசைச் செல்லிலோ அது குறைந்துபோகும். அதனால் பளிச்சென்று இருப்பதெல்லாம் மென்தசை, மங்கலானதெல்லாம் ஃபைப்ரோபிளாஸ்ட் என்று சொல்லவே முடியாது. மென்தசை மயோசின் கனச்சங்கிலி, கால்போனின் என்ற மென்தசைப் புரதங்கள் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், அதையும் முதல் பாசேஜிலேயே (முதல் முறை வேறு தட்டுக்கு மாற்றியதுமே) பாருங்கள், போகப் போக மயோசினும் மங்கிவிடும். தட்டு நிரம்பியதும் மென்தசைச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடும் பள்ளமுமாகத் தெரியும், அதுவும் ஒரு துப்பு.

பதில் 3:
எக்ஸ்பிளாண்ட் முறையையே மறுபடி யோசியுங்கள் என்பேன். துண்டில் இருந்து நகர்ந்து வெளியே வருபவை ஏற்கனவே நிலை மாறிய செல்கள், அவற்றைத்தான் நாம் பொறுக்கி எடுக்கிறோம். நடுப்படலத்தைக் கொலாஜினேஸும் எலாஸ்டேஸ் நொதியும் சேர்த்துக் கரைத்துப் பிரித்தால், முதல் சில நாட்களாவது அசல் நிலைக்கு நெருக்கமான செல்கள் கிடைக்கும். ஒரு எலியில் செல் அதிகம் தேறாது, சில எலிகளின் தமனிகளைச் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். தொடர்ந்து வளர்க்கக்கூடிய ஏ7ஆர்5 செல் வரிசையும் எலிக் கருவின் மகாதமனியில் இருந்து வந்ததுதான், சாயம் ஒழுங்காக ஏறுகிறதா என்று ஒப்பிட அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் விலங்கில் இருந்து நேரடியாக எடுத்த முதல்நிலைச் செல்லுக்கு அது மாற்று ஆகாது. மேடத்திடம் வாதம் செய்வதை விட, வெளியுறை நீக்கியது ஒன்று, நீக்காதது ஒன்று என இரண்டு தட்டுகளை வளர்த்து, மூன்று சாயங்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இப்போது இருக்கும் ஃபிளாஸ்க்கைக் கைப்பழக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அதில் வரும் எந்த எண்ணையும் ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம்.